பெயர் தமிழ், பாட்டில் பாரிஸ், வேர் யாருடையது?

ஆண்களுக்கான செண்ட் என்றாலே மூக்கைத் துளைக்க வேண்டும் என்று பலருக்கும் ஒரு எண்ணம். ஒருவர் பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட் வரை தெரிய வேண்டும்! இதற்கு நேர் எதிரானது பாரிஸின் கெர்லான் நிறுவனம் தயாரிக்கும் 'வெட்டிவெர்'. 1960-ஐ ஒட்டி, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ழான்-பால் கெர்லான் உருவாக்கியது. அறுபது ஆண்டுகள் தாண்டியும் விற்பனையில் இருக்கிறது.

அடித்தவுடன் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்காமட். கொஞ்ச நேரத்தில் மிளகும் ஜாதிக்காயும். கடைசியில் தங்குவது வேரும் புகையிலையும். பச்சைப் புல் மேல் மழை பெய்து ஓய்ந்தது போன்ற மணம். இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டிவேர்ச் செடியின் பச்சை இலையில் வாசனை கிடையாது. அத்தனையும் மண்ணுக்குள் இருக்கும் வேரில்தான்!

பெயரைக் கவனித்தீர்களா? அது நம்மூர் வெட்டிவேரேதான். தமிழ்ச் சொல் பிரெஞ்சுக்குப் போய் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பானைத் தண்ணீரில் போடுவதும், தட்டியாகக் கட்டி நனைத்து ஜன்னலில் தொங்கவிடுவதும், சாமிக்கு மாலையாகச் சாத்துவதும் இதே வேர்தான். இதில் பெருமைப்பட்டுக்கொண்டு நிறுத்திவிடுவதுதான் தவறு.

இன்று உலக வாசனைத் தொழிலுக்கு வெட்டிவேர் எண்ணெயைப் பெருமளவில் தருவது ஹைட்டி. அதன் தெற்கே, லே கே நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் சிறு விவசாயிகள் பயிரிடுகிறார்கள். வேர் முற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நூறு கிலோ வேரை வடித்தால் கிடைக்கும் எண்ணெய் சுமார் ஒரு கிலோ. ஆனால் வீட்டில் பணமுடை வந்தால் விவசாயி என்ன செய்வார்? முற்றுவதற்கு முன்பே பிடுங்கி விற்பார். எண்ணெய் குறையும், மணமும் கெடும். சரிவில் தோண்டிய மண் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகும். 1980-களில் உலக வங்கி மண் அரிப்பைத் தடுக்க இந்தியாவில் பரப்பியது இதே புல்லைத்தான் என்பதை நினைத்தால் கொடுமை புரியும். காக்க வந்த செடியே, அவசரத்தில் பிடுங்கினால் நிலத்தை அழிக்கிறது.

செண்ட் பிரியர்கள் "பழைய ஃபார்முலா போல இல்லை" என்று சண்டை போடுவது வழக்கம். அந்தச் சண்டையில் கால்வாசியாவது வேரின் விலைக்காக நடக்க வேண்டும். வெட்டிவேர் எண்ணெயில் நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருட்கள் கலந்திருக்கின்றன. அதை அப்படியே செயற்கையாகச் செய்துவிட முடியாது. எனவே முற்றிய வேர் இல்லையென்றால் நல்ல வெட்டிவெரும் இல்லை. முற்றிய வேருக்குக் கூடுதல் விலை தரும் கூட்டுறவு முறை ஹைட்டியிலேயே இருக்கிறது. அது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக மாற வேண்டும். இது தர்மம் அல்ல, சரக்குக்கான நியாயமான கூலி.

கடலூர் கரையோர மணலிலும் வெட்டிவேர் விளைகிறது. மணலில் தோண்டுவது சுலபம், வேரும் நீளமாக வரும். அங்கே பயிரிடுபவருக்குப் பாரிஸ் பாட்டிலில் தமிழ்ப் பெயர் இருப்பதால் ஒரு ரூபாய்கூட லாபமில்லை. வேர் முற்றும்வரை அவரால் காத்திருக்க முடிகிற விலை கிடைத்தால்தான் லாபம். பெயருக்குக் கைதட்டுகிறவர்கள் விலையையும் கேட்கட்டும்!