சனிக்கிழமை யாருக்குச் சொந்தம்?

ஆண்டுதோறும் ஆவணி பிறக்கும் வேளையில் இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் பருவம் ஆரம்பமாகிறது. சென்ற பருவத்தின் தோல்விகள் யாவும் துடைக்கப்பட்டு, எல்லா அணிகளும் பூச்சியத்திலிருந்து புறப்படும் அந்த முதல் வார இறுதி இரசிகர்களுக்கு ஒரு திருநாள். எமது நாட்டிலும் அவ்விரவுகளில் தொலைக்காட்சியின் முன் விழித்திருப்போர் பலர். நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

இதைக் கேட்டு எமது நண்பர்கள் சிலர் முகஞ் சுளிப்பர். உழைக்கும் மக்களின் கவனத்தைத் திசைதிருப்ப முதலாளித்துவம் ஊட்டும் போதைப் பொருளல்லவா இது, முற்போக்காளர் இதற்குப் பரிந்து பேசலாமா என்று அவர்கள் வினவுவர். அவர்களுக்குச் சரித்திரத்தைக் கொண்டே விடை கூற விரும்புகிறோம்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் வானத்திலிருந்து விழுந்ததன்று. பொழுது புலருமுன் பஞ்சாலையுட் புகுந்து இருண்டபின் வெளியேறிய மக்கள், வேலை நேரத்தைக் குறைப்பதற்காகப் பல்லாண்டுகள் போராடினர். அப்போராட்டத்தின் பேறுகளுள் ஒன்று 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்குமேல் ஆலைகளில் வேலை செய்தலாகாது என்று அது விதித்தது. அவர்களின்றி ஆலை ஓடாது. ஆகவே காலப்போக்கில் ஆண்களுக்கும் அவ்வரைநாள் ஓய்வு கிட்டிற்று. பிற தொழில்களுக்கும் அது பரவிற்று. இரண்டு மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். மூன்று மணிக்கு மைதானம் நிறையும். அந்த ஓய்வு எவரும் இட்ட பிச்சையன்று. உழைப்பாளர் வென்றெடுத்த உரிமை.

ஆட்டத்தின் விதிகளை முதலில் எழுதியவர்கள் கனவான்களின் கல்லூரிகளிற் படித்தவர்கள் என்பது மெய். ஆயின் 1883இல் வெற்றிக் கிண்ண இறுதியாட்டத்தில், ஈற்றன் கல்லூரியின் பழைய மாணவர் அணியை நெசவாளரும் கைவினைஞரும் நிறைந்த பிளாக்பேர்ண் ஒலிம்பிக் அணி 2–1 என்று தோற்கடித்தது. அன்றோடு ஆட்டம் கைமாறியது. 1888 செப்ரெம்பர் 8ஆம் நாள், ஒரு சனிக்கிழமையன்று, உலகின் முதலாவது உதைபந்தாட்ட லீக் தொடங்கியபோது அதிலிருந்த பன்னிரண்டு கழகங்களும் வடக்கினதும் நடுப்பகுதியினதும் தொழில் நகரங்களைச் சேர்ந்தவை. இலண்டனிலிருந்து ஒன்றேனும் இல்லை. இன்று உலகறிந்த மான்செஸ்ரர் யுனைற்றெட் கழகத்தைத் தோற்றுவித்தவர்கள் இரயில்வேத் தொழிலாளர். ஆர்செனலைத் தோற்றுவித்தவர்கள் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்.

பழைமையைப் பொற்காலம் என்று நாம் போற்றவில்லை. மைதானங்கள் மக்களால் நிரம்பி வழிந்த காலத்திலும் கழகங்களின் நிர்வாகம் முதலாளிமாரின் கையிலேயே இருந்தது. வீரர் ஒருவர் வாரத்துக்கு இருபது பவுணுக்குமேற் சம்பளம் பெறலாகாது என்ற விதி, அவர்களது சங்கம் வேலைநிறுத்தஞ் செய்யத் துணிந்த பின்னரே 1961இல் ஒழிந்தது. 1920இல் லிவர்பூல் நகரில் பெண்களின் ஆட்டமொன்றைக் காண ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். மறு ஆண்டே தனது கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது உதைபந்தாட்டச் சங்கம். அத்தடை நீங்க அரை நூற்றாண்டு சென்றது. ஆகவே மக்களின் ஆட்டத்தை மக்களிடமிருந்து பறிக்கும் முயற்சி புதியதன்று. அதன் வேகமும் பரப்புமே புதியன.

1992இல் முதற்பிரிவுக் கழகங்கள் பிரிந்து சென்று பிரிமியர் லீக் என்ற அமைப்பைத் தொடக்கின. அதன் முதல் வார இறுதியில் நடைபெற்ற பதினொரு ஆட்டங்களுள் ஒன்பது சனிக்கிழமையன்றே நடந்தன. 2025 பருவத்தின் முதல் வார இறுதியைப் பாருங்கள்: வெள்ளி இரவு தொடங்கித் திங்கள் இரவுவரை நான்கு நாட்களுக்குப் பத்து ஆட்டங்கள் பங்கிடப்பட்டன. சனிக்கிழமை மூன்று மணிக்கு எஞ்சியவை மூன்றே. காரணம் இரகசியமன்று. அப்பருவத்திலிருந்து நான்காண்டுகளுக்கான உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமை 6.7 பில்லியன் பவுணுக்கு விலைபோயிருந்தது. வாங்கியவன் கேட்ட நேரத்தில் விற்றவன் ஆடவேண்டும். தென்கரையிலுள்ள போண்மத் நகரின் இரசிகன் வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டத்துக்கு லிவர்பூல் செல்வதாயின் ஒருநாட் சம்பளத்தை இழக்கவேண்டும். வீடு திரும்ப விடிந்துவிடும். தொலைக்காட்சிக்கு அவனது ஆரவாரம் வேண்டும். அவனது வசதி வேண்டியதில்லை.

மைதானத்தில் அவனை வரவேற்பது எது? சூதாட்ட விளம்பரம். பிரிஸ்ரல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தனர். 2023ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் வார இறுதியில் தொலைக்காட்சி, வானொலி, சமூக ஊடகங்கள் ஆகியவற்றில் அவர்கள் கண்ட சூதாட்டச் செய்திகள் சுமார் 11,000. அடுத்த ஆண்டின் முதல் வார இறுதியில் அத்தொகை சுமார் 29,000. வீரரின் மார்பிலிருந்து இவ்விளம்பரங்களை 2025–26 பருவத்தின் முடிவோடு அகற்றுவதாகக் கழகங்கள் 2023இல் உடன்பட்டன. சட்டையின் கைகளும் மைதானத்தைச் சுற்றிய பலகைகளும் அவ்வுடன்பாட்டில் அடங்கவில்லை. இப்பந்தயக் கம்பனிகள் பல குறிவைப்பது ஆசிய நாடுகளின் பார்வையாளரை என்பதையும் எமது ஆசிரியர்களும் மாணவர்களும் கருத்தில் இருத்தல் வேண்டும். அவ்விளம்பரங்களை எமது பிள்ளைகளும் பார்க்கின்றனர்.

பணம் எல்லாவற்றையும் பளபளப்பாக்கும், நோய்களைத் தீர்க்காது. அதே 2025 ஆவணியில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, போண்மத்தின் அன்ரனி செமென்யோவைப் பார்வையாளன் ஒருவன் நிறத்தைச் சுட்டி இழிவுபடுத்தினான். செமென்யோ அதனை நடுவரிடம் முறையிட, ஆட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் அவர் இரு கோல்களைப் போட்டார். எனினும் லிவர்பூல் 4–2 என்று வென்றது. அவரது முறையீடு அவ்விரு கோல்களிலும் பெரிது என்போம். இழிவை விழுங்கிக்கொண்டு ஆடுவதே வீரம் என்று கறுப்பின வீரருக்கு நெடுங்காலம் உபதேசித்து வந்தவர்களுக்கு அது தக்க பதில்.

உச்சியில் பில்லியன்கள் புரள, அடியில் நிகழ்வதென்ன? லங்காஷயரின் பெரி என்ற ஆலை நகரின் கழகம் 1885இல் தோன்றியது. 1900இலும் 1903இலும் வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. 2019 பருவத்தின் முதல் வார இறுதியில் அதன் மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. கழகத்தை நடத்தப் பணமுண்டு என்பதை உரிமையாளர் நிரூபிக்காதமையால் ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. அம்மாத இறுதியில் கழகமே லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காத்த செல்வம் ஒரு தனிமனிதரின் கணக்கேட்டில் அழிந்தது. ஆயின் இரசிகர்கள் ஓயவில்லை. மைதானத்தை மீட்டனர், பிளவுபட்டிருந்த இரு சங்கங்களையும் இணைத்தனர், 2023இல் கீழ்ப்பிரிவொன்றில் பெரி மீண்டும் ஆடியது.

போதையில் மயங்கியோர் செய்யும் காரியமா இது? நண்பர்கள் சிந்திக்கட்டும். 2016இல் லிவர்பூல் கழகம் நுழைவுச்சீட்டொன்றின் விலையை 77 பவுணாக உயர்த்த முனைந்தபோது, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான இரசிகர் எழுந்து வெளியேறினர். அவர்கள் எழுந்தபோது 2–0 என்று முன்னணியில் நின்ற அணி, இறுதியில் 2–2 என்ற சமநிலையோடு திரும்பியது. சில நாட்களுள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கோரித் திட்டத்தைக் கைவிட்டனர். 2021இல் ஐரோப்பாவின் பன்னிரு பெருங்கழகங்கள் தமக்கெனத் தனி லீக் ஒன்றை அறிவித்தபோது, இரசிகர்கள் வீதியில் இறங்கினர். இரு நாட்களுள் ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. கழக உரிமையாளரைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஒழுங்காணையகம் ஒன்றை நிறுவும் சட்டம் 2025 யூலையில் நிறைவேறியமைக்குப் பின்னணியில் இப்போராட்டங்கள் இருந்தன. சட்டம் மட்டும் போதாது என்பதை 1850இன் வரலாறே காட்டும். அதனை நடைமுறைப்படுத்த விழிப்புள்ள மக்கள் வேண்டும்.

பாட்டையும் கூத்தையும் மக்கள் கலை என்று போற்றும் நாம், மக்கள் தாமே உருவாக்கிய ஆட்டத்தை மட்டும் பந்தயக் கம்பனிகளுக்குத் தாரைவார்ப்பது எந்த முற்போக்கு? ஏளனத்தால் எவரும் எதையும் மீட்டதில்லை. வேலை நேரத்துக்காகப் போராடும் தொழிலாளி ஓய்வு நேரத்துக்காகவும் போராடுகிறான். அந்த ஓய்வில் என்ன செய்வது, எந்த நேரத்திற் செய்வது, என்ன விலைக்குச் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவனுடையதே.

அடுத்த பருவத்தின் முதல் வார இறுதியிலும் நாம் ஆட்டம் பார்ப்போம். கோல் விழுந்தால் ஆர்ப்பரிப்போம். ஆட்டம் ஏன் வெள்ளி இரவில் நடக்கிறது என்ற கேள்வியையும் அருகிலிருக்கும் மாணவனிடம் எழுப்புவோம். ஆலைச் சங்கு ஊதியபின் மைதானத்துக்கு விரைந்த மக்கள் வென்றெடுத்த சனிக்கிழமையை விற்க எவருக்கும் உரிமையில்லை.