"டீச்சர்தான் கவுன்சிலர்" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே திட்டலாம். ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நம்ம திருச்சியில் "கவுன்சிலிங்" என்று சொன்னால் அடுத்த கேள்வி "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பதுதான். இன்ஜினீயரிங் சீட்டு எடுப்பதற்கு மட்டுமே நாம் வைத்திருக்கும் சொல் அது. பிள்ளைகளின் மனசுக்கும் அந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது என்றால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள்.

"ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் முழுநேரமாக இருக்க வேண்டும்" என்று போன வாரம் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் எழுதினேன். குடும்பக் குழுவில், "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா அத்தை? நாங்க நல்லா இல்லையா?" என்று கேட்டார்கள். பழைய மாணவர்கள் குழுவில், "எங்களுக்கு நீங்கதானே டீச்சர் கவுன்சிலர்! உங்களை மாதிரி நாலு டீச்சர் இருந்தா போதும்" என்று எழுதி, கை கூப்பும் படங்களாகப் போட்டார்கள்.

முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதாகச் சொன்ன பாராட்டை நான் வாங்கிக்கொள்வதாக இல்லை. அந்தப் பாராட்டைச் சொல்லித்தான் நாற்பது வருஷமாக இந்த வேலைக்கு ஆள் போடாமல் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

நான் படித்தது இரண்டு வருஷ ஆசிரியர் பயிற்சி. அதில் கல்வி உளவியல் என்று ஒரு பாடம். பாவ்லோவின் நாயைப் படித்தோம், தார்ண்டைக்கின் பூனையைப் படித்தோம். படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கினோம். அப்பா குடித்துவிட்டு அடித்த மறுநாள் காலை வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளையிடம் என்ன பேச வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன பேசக் கூடாது என்று ஒரு பக்கம்கூடக் கிடையாது. அன்பு இருந்தால் போதும் என்று சொல்கிறீர்கள். அன்பு இருக்கிறது என்பதற்காக என்னிடம் யாராவது பல் பிடுங்கிக்கொள்ள வருவீர்களா?

பயிற்சி மட்டுமல்ல, நேரமும் இல்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள். வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, திருத்த வேண்டிய நோட்டு, சத்துணவு, இலவசப் பொருட்களின் கணக்கு, நடுவில் தேர்தல் வேலை, மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. நாற்பது நிமிஷப் பீரியடில் ஒரு பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்கலாம். கவனித்ததும் மணி அடித்துவிடும்.

சரி, நேரமும் பயிற்சியும் கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வகுப்பு ஆசிரியர் ஆலோசகராக முடியாது. ஒரு மாணவி சொன்னதைக் கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசை அருகிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். ஒருநாள், "டீச்சர், ஒண்ணு சொன்னா வீட்ல சொல்லிட மாட்டீங்களே?" என்றாள். சொல்ல மாட்டேன், சாயங்காலம் வா என்றேன். வந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று எழுந்து போய்விட்டாள். பல வருஷம் கழித்து, கையில் குழந்தையோடு அம்மா மண்டபத்துப் பக்கம் பார்த்தபோது நானே கேட்டேன், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று. சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் எங்க அம்மாவும் ஒரே கடையில காய் வாங்குவீங்களே டீச்சர். அதுவும் இல்லாம அரைப் பரீட்சை பேப்பர் உங்ககிட்டதானே இருந்துச்சு."

என்ன சொல்ல வந்தாள் என்பதை அப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்ரீரங்கம் மாதிரி ஊரில் இதுதான் நிலைமை. உத்திர வீதியில் தும்மினால் சித்திரை வீதியில் கேட்கும். மார்க் போடுபவரும், அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்புபவரும், கோயிலில் பாட்டியைப் பார்த்தால் நின்று பேசுபவரும் ஒரே ஆளாக இருந்தால், அவரிடம் பிள்ளை எதைச் சொல்லும்? வகுப்பு எடுக்காத, மார்க் போடாத, சொன்னதை வெளியே விடக் கூடாது என்று தொழில் விதியால் கட்டுப்பட்ட ஒருவர் வேண்டும். பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். இது தனிப் படிப்பு, தனி வேலை.

இப்போது, "எங்க காலத்துல இருந்துச்சா?" என்ற கேள்வி. ஆலோசகர் இல்லைதான். துன்பமும் இல்லையா? அந்தக் காலப் பேப்பரை நினைத்துப் பாருங்கள். ஓர் இளம்பெண் இறந்துபோனால் "தீராத வயிற்றுவலி" என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடும். எத்தனை வயிற்றுவலிகளைப் படித்திருப்போம்! அது என்ன வலி என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறந்ததில்லை. "நாங்க நல்லா இல்லையா?" என்று கேட்பதற்கு, நல்லா இருப்பவர்கள்தான் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. 2022-ம் வருஷம் மட்டும் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு, 1,416 பேர். படிப்பில் முன்னணி மாநிலம் என்று பெருமைப்படும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"விதி, யார் என்ன செய்ய முடியும்?" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். செய்ய முடியும், செய்தும் இருக்கிறோம். பரீட்சையில் தவறினால் ஒரு வருஷம் வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று இருந்தது. அதை மாற்றி, அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்று கொண்டுவந்தார்கள். சென்னையில் 1986-ல் ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதை வலியுறுத்தி வந்தார்கள். 2017-ல் மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். இரண்டையும் அரசாங்க உத்தரவுதான் செய்தது, தன்னம்பிக்கைச் சொற்பொழிவு இல்லை. ஆனால் ரேங்க் போனதே தவிர ஃப்ளெக்ஸ் போகவில்லை. ரிசல்ட் வந்த மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். அந்த ஃப்ளெக்ஸுக்குப் பணம் இருக்கிற பள்ளிக்கூடத்தில், ஆலோசகர் சம்பளம் என்றால் மட்டும் "ஃபண்டு இல்லை" என்கிறார்கள்.

"அதான் பெட்டி வச்சிருக்காங்க, போன் நம்பர் குடுத்திருக்காங்களே" என்பீர்கள். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று புகார்ப் பெட்டி வைத்தது நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த பள்ளிகளில் அந்தப் பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கிறது. யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று பள்ளிக்கூடமே பார்க்கும். போன் நம்பர்களும் நல்லவைதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏது போன்? அம்மா போனை வாங்கி, அடுப்படியில் அம்மா நிற்கும்போது, வீட்டில் நடப்பதை யாரிடம் சொல்லும்? பெட்டியும் நம்பரும் ஓர் ஆளுக்குத் துணையாக இருக்கலாம். ஆளே இல்லாத இடத்தில் அவை வெறும் கண்துடைப்பு.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. சில தனியார் பள்ளிகளில் "கவுன்சிலர்" என்று போர்டு தொங்குகிறது. உள்ளே போனால் அட்மிஷன் பார்ப்பவர் உட்கார்ந்திருக்கிறார். அல்லது பெயருக்கு ஒருவரைப் போட்டு, லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்புக்கெல்லாம் அனுப்புகிறார்கள். பிள்ளை சொன்னது அன்று சாயங்காலமே கரெஸ்பாண்டென்ட் மேசைக்குப் போய்விடுகிறது. இதற்கு அந்த போர்டு இல்லாமலே இருக்கலாம்.

இது இனி நம் விருப்பம் சார்ந்த விஷயமும் இல்லை. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் 15 வழிகாட்டு நெறிகளைக் கொடுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனத்தில், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சின்னப் பள்ளி என்றால் வெளியில் உள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். மார்க்கை வைத்து பேட்ச் பிரிக்கக் கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. சட்டம் வரும்வரை இது கட்டாயம். தில்லைநகரில் மாடிக்கு மாடி நடக்கும் கோச்சிங் சென்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

"மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு பேர் ஆயிடும், நாளைக்கு வரன் பார்க்கணுமே" என்று கவலைப்படும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நானும் ரங்கநாதரைச் சேவிக்காமல் வாரத்தைக் கழிப்பவள் இல்லை. ஆனால் ஜுரம் வந்தால் துளசித் தீர்த்தத்தோடு மாத்திரையும் சாப்பிடுகிறோம். மனசுக்கு மட்டும் ஏன் தீர்த்தம் போதும் என்கிறோம்? புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களும் நம்மைப் போன்ற மனுஷர்கள்தான்.

இப்போது உங்களுக்கு வேலை தருகிறேன். வழக்கம்போல வீட்டுப்பாடம்.

பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் மாணவர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில், அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எழுந்து நின்று நான்கு கேள்வி கேளுங்கள். இங்கே ஆலோசகர் யார்? அவர் என்ன படித்திருக்கிறார்? அவருக்குப் பாட வகுப்பு, அட்மிஷன் வேலை ஏதாவது உண்டா? பிள்ளை சொல்வது யாருக்குப் போகும் என்று எழுத்தில் இருக்கிறதா? பதிலை எழுதி வாங்குங்கள்.

உங்களில் ஆசிரியரானவர்கள், "நானே பார்த்துக்கறேன் சார்" என்று தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டினால் அந்தப் பதவிக்கு ஆள் வரவே வராது. வாடிய முகத்தைக் கவனித்து, உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை. அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் வேலைதான்.

உறவுகளே, ரிசல்ட் அன்றைக்குக் காலையில் போன் போட்டு "எவ்வளவு மார்க்?" என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் பொறுத்துக் கேட்டால் மார்க் ஒன்றும் மாறிவிடாது.

ஆலோசகர் வரும்வரை இந்த இரண்டு எண்களையும் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள்: மனநல உதவிக்கு 14416, தமிழில் எந்நேரமும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. பிள்ளை பேச விரும்பினால் போனைக் கொடுத்துவிட்டு, தயவுசெய்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

அந்த நான்கு கேள்விக்கும் உங்கள் பிள்ளையின் பள்ளியில் என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பதில் மட்டும் போதும். பாராட்டு எழுத வேண்டாம். இந்தப் பதிவின் கீழ் கை கூப்பும் படம் போடுபவர்களைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஸ்ரீரங்கம்