தங்கவயல் தொழிலாளிக்கும் அந்த உரிமை உண்டு

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருமலுடன் மருத்துவரை நாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலில் நிழல் தெரிகிறது. அது காசநோயா, பாறைத் தூசியால் விளையும் சிலிகோசிஸா, புற்றுநோயா? படத்தை மட்டும் பார்த்து அறுதியிட்டுக் கூற இயலாது. காசநோய் மருந்திலேயே மாதங்கள் கழிந்த பின்னர் புற்றுநோய் தெரியவருவது நம் நாட்டில் புதிதல்ல. சிலிகா தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே உறுதி செய்துவிட்டது.

இத்தகைய ஊரில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது ஆடம்பரமல்ல. முதல் மருத்துவரை அவமதிப்பதும் ஆகாது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம் அதை உரிமையாகவே வரையறுக்கிறது. கோரினால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிமுறைகள் கூறுகின்றன. அறிக்கையுடன், திசுப் பரிசோதனையின் கண்ணாடித் தகட்டையும் மெழுகுக் கட்டியையும் நோயாளி கேட்டுப் பெற வேண்டும். மறு ஆய்வுக்கு அவையே ஆதாரம்.

ஆனால், உரிமை ஏட்டில் இருக்கிறது. நிபுணர்களோ பெங்களூரின் கித்வாய் புற்றுநோய் மையத்திலும், வேலூரிலும், அடையாறிலும் இருக்கிறார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு, நோயாளியுடன் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒருநாள் கூலி இழப்பு. கட்டணமில்லா சிகிச்சை கிடைத்தாலும் இந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியது மத்திய அரசு நிறுவனம். அதனுடன் தொழிலாளர்களின் மருத்துவமனையும் முடங்கியது. கரோனா காலத்தில், 2021-இல், அதே கட்டடத்தைத் தூய்மை செய்து நோயாளிகளுக்காகத் திறக்க முடிந்தது. அன்று முடிந்தது இனி ஏன் முடியாது?

மாவட்ட மருத்துவமனைகள்தோறும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கோலார் மாவட்டத்துக்கான மையத்துடன் தங்கவயலிலும் ஒரு கிளை வேண்டும். நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளை இணைக்கும் தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பின் நிபுணர்கள், தொலைமருத்துவம் வழியாக அங்கிருந்தே அறிக்கைகளை ஆராய வகை செய்ய வேண்டும்.

தங்கம் தில்லியின் கணக்கில் சேர்ந்தது. தூசி தொழிலாளியின் நெஞ்சில் தங்கியது. சுரங்கத்தை மூடியதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.