ஊண், கறி, சர்க்கரை: எல்லையோர ஊர்களில் உணவு தேடுதல்

பாலக்காட்டிலோ மூணாற்றிலோ வந்திறங்கும் வெளியூர்ப் பயணி முதலில் கேட்பது, "இங்கே என்ன ஸ்பெஷல்?" என்பதுதான். கைப்பேசியிடமும் அதையே கேட்கிறார். விடை நட்சத்திரக் குறிகளுடன் உடனே வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறிகளை இட்டவர்கள் பெரும்பாலும் அவரைப் போன்ற பயணிகளே. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்து, நாள்தோறும் ஒரே கடையில் உண்பவர் மதிப்புரை எழுதுவதில்லை. ஆகவே அப்பட்டியலில் தெரிவது ஊராரின் சுவையன்று, வந்துபோனவர்களின் சுவை.

உணவை மாநிலப் பெயரால் வகுப்பது இன்னொரு சிக்கல். இன்றைய கேரளம் 1956 நவம்பர் 1 அன்று உருவானது. அதுவரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் போராட்டமும் நடந்தது. எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. வாளையாற்றைத் தாண்டியோ போடிமெட்டில் ஏறியோ வருபவர் 'கேரள உணவு' என்று மட்டும் தேடினால், அவ்வூர்களின் உணவில் ஒரு பகுதி அவர் கண்ணில் படாமலே போகும்.

பாலக்காட்டுக்கு அருகே எலப்புள்ளியை ஒட்டிய ராமசேரியின் இட்லி இதற்குத் தக்க சான்று. மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றி விறகடுப்பில் ஆவியில் வேகவைக்கிறார்கள். தோசைபோல் தட்டையாக, பஞ்சுபோல் மென்மையாக இருக்கும் இந்த இட்லியைச் செய்வோர், தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த நெசவாளர் மரபினராகச் சொல்லப்படும் முதலியார் குடும்பத்தினர். இது தமிழ் உணவா, கேரள உணவா என்ற கேள்விக்கு விடை தேவையில்லை. இது ராமசேரி உணவு. ஓர் உணவு உள்ளூருக்கு உரியதாவது, அதைத் தலைமுறை தலைமுறையாக அங்கே சமைப்பவர்களாலும் உண்பவர்களாலும்தான்.

இத்தகைய உணவைக் கண்டடையச் செயலியைவிடச் சொல்லே துணை. பழந்தமிழில் உணவைக் குறித்த 'ஊண்' இன்றைய தமிழ்ப் பேச்சில் அருகிவிட்டது. கேரளத்திலோ நண்பகல் கடைப் பலகைகளில் 'ஊணு' என்று அது உயிரோடிருக்கிறது. 'வீட்டிலெ ஊணு' என்ற பலகை, ஒரு குடும்பம் தன் சமையலை விலைக்குப் பரிமாறுகிறது என்பதன் அறிவிப்பு. சங்க இலக்கியத்தில் மிளகைக் குறித்த 'கறி' தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் இறைச்சி. மலையாளத்தில் காய்கறிக் குழம்பும் கறியே. மறையூரில் சர்க்கரை கேட்டால் வெல்லம் வரும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்கு அங்கே அதுதான் பெயர். இவ்வேறுபாடுகளை அறிந்தவருக்குக் கடைப்பலகையே வழிகாட்டி.

முன்பின் அறியாத ஊரில் வயிற்றைப் பணயம் வைக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூய்மையையும் விலையையும் அறியப் பயணிகளின் மதிப்புரைகள் உதவும். ஆனால் எதை உண்பது என்பதை அவற்றிடம் விட்டுவிட வேண்டியதில்லை. 'எது பிரபலம்?' என்பதற்குப் பதிலாக, 'இந்த நேரத்தில் நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?' என்று ஆட்டோ ஓட்டுநரிடமும் பேருந்து நடத்துநரிடமும் கேட்பது நல்லது. முதற்கேள்விக்கு விற்பனையாகும் பெயர் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒரு கடைக்கு வழி கிடைக்கும்.

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு இது வெறும் நாச்சுவை பற்றிய செய்தியன்று. எல்லையோர வழக்குகளைப் பதிவுசெய்யச் செல்பவர், விடுதி உணவகத்தில் மூன்று வேளையும் உண்டு திரும்பினால், அடுக்களைச் சொற்களைத் தவறவிடுகிறார். பாத்திரம், பதம், பக்குவம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் வினாநிரலில் கிடைப்பதைவிட அடுப்பருகே மிகுதியாகக் கிடைக்கும். ராமசேரியில் இன்று ஒருசில குடும்பங்களே அவ்விட்லியைச் செய்கின்றன. அந்த அடுப்புகள் அணைந்தால், இட்லியின் பெயர் நகரத்து உணவகங்களின் பட்டியலில் நீடிக்கக்கூடும். அதைச் செய்யும்போது பேசப்பட்ட மொழி நீடிக்காது. அக்குடும்பங்களிடம் விலைகொடுத்து உண்பதும், உண்டபின் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டறிவதும் ஆய்வுக்குப் புறம்பானவையல்ல.