சமநிலை வந்தால்?

2019 ஜூலை 14, லண்டன் லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டம். நியூசிலாந்து 241 ஓட்டங்கள், இங்கிலாந்தும் 241. ‘சூப்பர் ஓவர்’ என்னும் கூடுதல் ஓவரிலும் இரு அணிகளும் 15 ஓட்டங்களே எடுத்தன. முடிவில் பவுண்டரிகளை எண்ணி, 26க்கு 17 என்று கோப்பையை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள்! விதி முன்பே எழுதி வைத்ததுதான். ஆயினும், மூச்சிரைக்க ஓடிச் சேர்த்த ஓட்டம் பவுண்டரியை விட எவ்வகையில் தாழ்ந்தது? அவ்வாண்டே அவ்விதியை மாற்றி, ஓர் அணி வெல்லும்வரை சூப்பர் ஓவர் தொடரும் என்றார்கள்.

தேர்தலில் அப்படித் தொடர இயலாது. வாக்குகள் சமமானால் தேர்தல் அதிகாரி உடனே குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும் என்கிறது நமது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2017ஆம் ஆண்டுத் தேர்தலில் இருவர் தலா 11,608 வாக்குகள் பெற, 2018 ஜனவரியில் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்தார்கள். கீழவையின் பெரும்பான்மையே அந்தச் சீட்டில் இருந்தது.

சூதாட்டம் போலிருக்கிறதே என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். நாம் அவ்வாறு எண்ணவில்லை. சீட்டு எவரையும் தாழ்த்துவதில்லை. இருவரும் சமமே என்று ஒப்புக்கொள்கிறது. வகுப்புத் தலைவித் தேர்தலில் இரு தோழியர் சம வாக்குப் பெற்றால் உடனே மதிப்பெண் பட்டியலைப் புரட்டுகிறோமே, நாம் வாக்களித்தது மதிப்பெண்ணுக்கா? அடுத்த முறை சாக்பீஸ் டப்பாவில் இரண்டு சீட்டுகளைப் போட்டுச் சிஸ்டர் குலுக்கட்டும். ஒன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்து எடுக்கட்டும்.