சத்தம் மாறலாம்... கன்வெர்ட்டர் மாறக் கூடாது! | பிக்-அப் டிரக் சைலன்ஸரை மாற்றும் முன் இதைப் படிங்க

அமெரிக்காவில் பிக்-அப் டிரக் என்றால் வெறும் சரக்கு வண்டி இல்லை. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ, ரேம் 1500 எல்லாம் அங்கே வீட்டு வாசலில் நிற்கும் குடும்ப வண்டிகள். வார நாளில் வேலைக்கு, சனிக்கிழமை சாமான் ஏற்ற, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஊர் சுற்ற.

வாங்கிய கொஞ்ச நாளில் பலருக்கும் ஓர் ஆசை வரும். 'வி8 இன்ஜின் இருக்கு, ஆனா உறுமலே கேட்கலையே!' உடனே எக்ஸாஸ்ட்டை மாற்றக் கிளம்பிவிடுவார்கள். "அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் வெட்டிட்டு நேரா பைப் போட்டா இன்னும் கெத்து" என்று யாராவது ஏற்றிவிடுவார்கள். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

கன்வெர்ட்டர் என்ன செய்யுது?

இன்ஜின் புகையில் மூன்று வில்லன்கள் உண்டு. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு. கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு செராமிக் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடான புகை இதைக் கடக்கும்போது, அந்த மூன்றில் 90 சதவிகிதத்துக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என்று மாறிவிடும். 1975 மாடல் கார்களில் இருந்து அமெரிக்காவில் இது பரவலாக வந்துவிட்டது.

அப்போ எதை மாற்றலாம்?

இதற்குப் பெயர் 'கேட்-பேக்'. அதாவது, கன்வெர்ட்டருக்குப் பின்னால் தொடங்கி, டெயில் பைப் நுனி வரை மட்டும் மாற்றுவது. வண்டியின் சத்தத்தைப் பெரிதும் முடிவு செய்வது அங்கே இருக்கும் மஃப்ளர்தான். கம்பீரமான உறுமலுக்கு அதை மாற்றினாலே போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரெசொனேட்டரையும் சேர்த்துத் தூக்கிவிட்டால், ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பின் சீட்டில் குழந்தை தூங்காது!

வெட்டினால் என்ன ஆகும்?

கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார்கள் இருக்கின்றன. கன்வெர்ட்டர் இல்லையென்றால் பின் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும். 'பி0420' அல்லது 'பி0430' கோடுடன் செக் இன்ஜின் லைட் எரியும். புகைப் பரிசோதனை உள்ள மாகாணங்களில் வண்டி ஃபெயில். அமெரிக்காவின் சுத்தமான காற்றுச் சட்டப்படி கழற்றுவதே குற்றம். கழற்றித் தரும் கடைக்கும் இது பொருந்தும். 8 வருடம் அல்லது 80,000 மைல் வரை கன்வெர்ட்டருக்கு இருக்கும் வாரன்ட்டியும் கைவிட்டுப் போகும். இத்தனைக்கும் கிடைக்கும் கூடுதல் பவர் கொஞ்சம்தான்.

பிள்ளைகளுக்காக ஒரு நிமிஷம்...

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. 1992-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பிக்-அப்பின் பின்பக்கத்தில், மூடிய கூரைக்கோ தார்ப்பாய்க்கோ அடியில் பயணம் செய்து, கார்பன் மோனாக்சைடு விஷத்தால் பாதிக்கப்பட்ட 20 குழந்தைகளைப் பற்றியது அது. 15 பேர் நினைவிழந்தார்கள். ஒரு குழந்தை இறந்தே போனது.

காரணம்? அந்த எல்லா வண்டிகளிலும் ஒன்று, எக்ஸாஸ்ட்டில் ஏற்கெனவே தெரிந்த கசிவு இருந்தது. இல்லையென்றால், டெயில் பைப் பக்கவாட்டில் முடியாமல் நேர் பின்னால் முடிந்தது.

கன்வெர்ட்டர் இருக்கும்போதே கசிவு இவ்வளவு ஆபத்து என்றால், அதையும் வெட்டிவிட்ட வண்டியில் வரும் புகையை யோசித்துப் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. வேலை முழுக்க கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும்தானே? சென்சார்களைத் தொடமாட்டீர்களே?

2. டெயில் பைப் வண்டியின் அடியிலேயே முடிந்துவிடாமல், பக்கவாட்டில் பாடியைத் தாண்டி வெளியே வருகிறதா?

3. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்துத் தருவீர்களா?

மூன்றுக்கும் தெளிவான பதில் வரவில்லை என்றால், வேறு கடை பாருங்கள்.

நம்ம ஊரிலும் கதை வேறில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, சமயத்தில் இரண்டும்.

வண்டி உறுமட்டும், தப்பில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை நிம்மதியாக மூச்சு விடணும். அதுதான் முக்கியம்!