புகை போக வழி இருக்கிறதா?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் அறை தேடி வருகிறவர்கள் பலரும் கேட்பது, “ஃபயர் பிளேஸ் இருக்கா?” என்பதுதான். ‘இருக்கு’ என்று சொல்வதற்காகவே புதிய விடுதிகளிலும் ஹோம்ஸ்டேகளிலும் கணப்பு அடுப்பு கட்டுகிறார்கள். முகப்பில் கருங்கல் பதிக்கிறார்கள். மேலே தேக்குப் பலகை வைக்கிறார்கள். புகை எப்படி வெளியேறும் என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. சுவர் அலங்காரம் என்று நினைத்துக் கட்டுவதால், கொத்தனாரிடம் கேட்க வேண்டியதை வீட்டுக்காரர் கேட்பதில்லை. கொத்தனாருக்கு அதை முறையாகக் கற்றுத்தர இங்கே ஏற்பாடும் இல்லை.

விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் விடிவதற்குள் இறந்துபோன செய்திகளை மலையூர்க்காரர்கள் அறிவார்கள். புகைபோக்கி இருந்தும் புகையை இழுக்காத அடுப்பு அதே ஆபத்தைத் தரும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

மாறிவிட்ட வீடு

அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை நுழையும் தொண்டையைக் குறுக்கினால் புகை அறைக்குத் திரும்பாது, வெப்பமும் வீணாகாது. விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு 1796-ல் எழுதிவைத்த கணக்கு இது. ஊட்டியில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வீடு கட்டிய 1820-களில் ஆங்கிலேயருக்கு இது பழகிப்போன விஷயம். பழைய பங்களாக்களைப் பழுதுபார்த்தே இதைக் கைப்பழக்கமாகக் கற்ற கொத்தனார்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள்.

ஆனால், வீடு மாறிவிட்டது. பழைய மரச் சன்னல்களின் இடுக்கு வழியே நெருப்புக்கு வேண்டிய காற்று வந்துகொண்டிருந்தது. இன்று யூபிவிசி சன்னல் அந்த இடுக்கை அடைத்துவிட்டது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது. அது வெளியே தள்ளும் காற்றை ஈடுகட்ட, வேறு வழியில்லாமல் சிம்னி வழியாகவே காற்று கீழிறங்குகிறது, புகையையும் சேர்த்துக்கொண்டு. கட்டியவர் கைதேர்ந்தவராக இருந்தாலும், அடுப்புக்கென்று தனிக் காற்றுவழி விடாவிட்டால் புகை உள்ளேதான் வரும்.

கேட்க வேண்டியவை

ஆள் அமர்த்தும்போது அவர் கட்டிய அடுப்பு ஒன்றை எரியும் நிலையில் போய்ப் பாருங்கள். புகைக்குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு, அடுப்பு வாய்ப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வேண்டும். சிம்னி, கூரையைவிட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள கூரைப் பகுதி எதைவிடவும் 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். நெருப்புப் படும் இடத்தில் ஃபயர் பிரிக்கும் சூடு தாங்கும் கலவையும்தான் நிற்கும். சாதாரண சிமென்ட் கலவை வெடித்து உதிரும். விரிசல் வழியே புகை பக்கத்து அறைக்குப் போகும். சுண்ணாம்பில் கட்டிய பழைய சிம்னியின் இணைப்புகளில் சிமென்ட் பூசுவதும் தவறு. சிமென்ட் ஈரத்தை உள்ளேயே நிறுத்திவிடுவதால் செங்கல் பொரிந்து உதிர்கிறது.

கூலி பேசும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: சன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் எரித்துக் காட்டிய பிறகே கடைசித் தவணை. நல்ல கொத்தனார் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

பராமரிப்பு

மலையில் பெரும்பாலும் எரிவது சீகையும் கற்பூர மரமும். மழையில் நனைந்ததை அப்படியே அடுக்கினால் புகை குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் கரிப்பிசினாகப் படியும். டார்ச் அடித்துப் பார்த்தால் தார் பூசியதுபோல் கறுப்பாக மின்னும். அது தீப்பற்றினால் சிம்னிக்குள் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். விறகைப் பிளந்து, கூரைக்கடியில் காற்றுப்பட அடுக்கி, ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே எரிக்க வேண்டும். படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டால் சுரண்டி எடுக்க வேண்டும். பயன்படுத்தாத மாதங்களில் குருவிக் கூடும் தேனடையும் குழாயை அடைத்திருக்கலாம். ஆகவே, குளிர் தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை மேலிருந்து கீழ்வரை சுத்தம் செய்வது கட்டாயம்.

இதையெல்லாம் வீட்டுக்காரரின் பொறுப்பு என்று விட்டுவிட முடியாது. ஜெர்மனியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதிகாரம் பெற்ற புகைபோக்கிப் பணியாளர் இருக்கிறார். ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை வீடுகளின் அடுப்புகளை நேரில் வந்து பார்க்கிறார். புதிய விறகடுப்பை அவர் சான்றளித்த பிறகே பற்றவைக்கலாம். அந்த அளவுக்கு உடனே போக வேண்டாம். மலை மாவட்டங்களின் ஐடிஐ-களில் புகைபோக்கி கட்டவும் சுத்தம் செய்யவும் ஒரு குறுகியகாலப் பயிற்சி தொடங்கலாம். விடுதிகளுக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது, அந்த ஆண்டு சிம்னி சுத்தம் செய்த சான்றையும், அடுப்பு உள்ள ஒவ்வொரு அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் கேட்கலாம். இவ்விரண்டுக்கும் பெரிய செலவில்லை. வாடகையில் ஃபயர் பிளேஸுக்கென்று தனியாக வசூலிப்பவர்களால் இதைத் தாங்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

- கட்டுரையாளர், கட்டடப் பொறியாளர்